நகல் தாளில் இல்லாத புள்ளிகள்

பத்து வருடங்களுக்கு மேல் என் மனைவியின் மாதவிலக்குக் கணக்கை நான்தான் எழுதினேன். எழுத வேண்டியவள் அவள். அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டதுதான் நான் செய்த முதல் தவறு. பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது. கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு குருவும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்: அறியாமல் செய்தது, ஆண்டவர் மன்னிப்பார். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. அறியாமல் செய்யவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. சொல்லித்தந்தவர் எச்சரித்தும் இருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். ராணுவத்துக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. எனக்கு ஆய்வுப் பிரிவில் வேலை. கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் தண்டுகளின் விட்டத்தை அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது. மேலே ஒரு எல்லைக்கோடு, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் புள்ளிகள் ஓடினால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு புள்ளி வெளியே போனால் முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்படமாட்டோம். அளந்தவன் கையைச் சந்தேகப்படுவோம். மறுபடி அளப்போம். இரண்டாம் அளவு எல்லைக்குள் வந்துவிட்டால் முதல் புள்ளியை அழித்துவிடுவோம். இந்தப் பழக்கத்தோடுதான் தினமும் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது குழந்தை, பெண், பிறந்ததும் டாக்டர் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். நாங்கள் கத்தோலிக்கர்கள், திருச்சபை அதை அனுமதிப்பதில்லை. நான் எங்கள் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். என் மனைவியிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று டாக்டரிடம் வந்து சொன்னவனும் நான்தான். சாமியார் வேறு வழி காட்டினார். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில், நர்சாக வேலை பார்த்த கன்னியாஸ்திரி ஒருவர் தம்பதிகளுக்கு வகுப்பு எடுத்தார். மருந்தும் இல்லை, சாதனமும் இல்லை. உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முறை.

நல்ல ஆசிரியை அவர். கூச்சமே இல்லாமல் பேசினார். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். மாதத்தின் முதல் பாதியில் சூடு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். சினைமுட்டை வெளிவந்த பிறகு அரை டிகிரி அளவு ஏறி, அடுத்த விலக்கு வரும்வரை அப்படியே நிற்கும். சூடு ஏறுவதற்கு முந்தைய நாட்களில் உள்ளே கசிவது மாறும். முதலில் பசை மாதிரி, பிறகு முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, இழுத்தால் நீளும். அந்த நாட்களில் சேர்ந்தால் பிள்ளை தங்கும். இதை மூன்று நிற பென்சில்களால் குறித்துக் காட்டினார். கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிவில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "எழுதறது பொம்பளைதான் எழுதணும். ஆம்பளைங்க கூட உக்காந்து பாருங்க, அது போதும். இன்னொண்ணு. நடு மாசத்துல ரத்தம் பட்டாலோ, சேர்ந்த பிறகு பட்டாலோ, அதையும் குறிச்சு வைங்க. குறிச்சதை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. இந்தத் தாள் பிள்ளை வேணும் வேணாம்னு பாக்க மட்டும் இல்ல. உசுரைக் காப்பாத்தவும்தான்."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் இன்றுவரை அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் அறியாமை என்ற மன்னிப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

முதல் மூன்று மாதம் அவளே எழுதினாள், மகனின் பள்ளி நோட்டு ஒன்றில். ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். எண்கள் குறைவு, வார்த்தைகள் அதிகம். 'இடுப்பு கனக்குது.' 'பெரியவனை அடிச்சுட்டேன், நாளைக்கு வரும் போல.' 'இன்னிக்கு மனசு லேசு.' நான் சிரித்துவிட்டேன்.

"இது என்ன டைரியா? இதை வெச்சுக்கிட்டு எப்படிக் கோடு போடறது?"

"எனக்குப் புரியுதே" என்றாள்.

"உனக்குப் புரிஞ்சு என்ன பண்றது? தப்பிப் பிள்ளை தங்கிட்டா ரெண்டு பேரும்தான் மாட்டணும். கொண்டா இங்கே."

மறுநாளே தொழிற்சாலையில் நாங்கள் பயன்படுத்துவது போன்ற கட்டத்தாள் வாங்கிவந்தேன். விலக்கு நாளுக்குச் சிவப்பு, காய்ந்த நாளுக்குப் பச்சை, ஈர நாளுக்கு வெள்ளைக் கட்டம், சூட்டுக்கு நீலக் கோடு. காலை ஷிப்டின் முதல் சங்கு ஊதும்போது தெர்மாமீட்டரை அவள் வாயில் வைப்பேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் படிப்பேன். பிறகு கேள்வி.

"என்ன?"

"காய்ஞ்சிருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"வேணும்னா நீங்களே வந்து பாருங்க. போங்க, பால்காரர் நிக்கிறாரு."

அந்த வருடங்களில் மகிழ்ச்சி இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மாதத்தின் எந்த நாளில் அவள் சட்டென்று எரிந்து விழுவாள், எந்த நாளில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்த நாளில் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இருபத்தெட்டு நாள், சில மாதம் இருபத்தொன்பது. ஓர் உடம்புக்குள் இவ்வளவு ஒழுங்கு ஓடுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பு மெல்ல மெல்லப் பெருமையாக மாறியது. ஒழுங்கு அவளுடையது, பெருமை என்னுடையது.

மூன்றாவது பிள்ளை உண்டாகவே இல்லை. இது கோயில் வட்டாரத்தில் பரவியது. கன்னியாஸ்திரி எங்களைப் புதிய தம்பதிகளுக்கு உதாரணமாகக் காட்ட ஆரம்பித்தார். ஆவடியில் ஓரிரு முறை போய்ப் பேசினோம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், பேசுவது நான்.

அவளுக்கு நாற்பது நெருங்கிய சமயம். ஒரு காலை தெர்மாமீட்டரை எடுத்ததும், நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். "நேத்து நாம சேர்ந்த பிறகு துணியில கொஞ்சம் பட்டுச்சு."

"என்ன பட்டுச்சு?"

"ரத்தம்தான். கொஞ்சம்."

நாளைப் பார்த்தேன். பதினேழாவது நாள். பச்சை போட வேண்டிய கட்டம். சிவப்பு போட்டால் அந்த மாதமே கெட்டுவிடும். பென்சிலால் ஒரு சிறு புள்ளி மட்டும் வைத்தேன். அடுத்த மாதம் மூன்று புள்ளிகள். அதற்கடுத்த மாதம் நடுவில் நான்கு நாட்கள் தொடர்ந்து.

"இது விலக்குல சேராது" என்றேன். "நீ எதையாவது தூக்கியிருப்பே. தண்ணிக் குடம் தூக்கினியா?"

"தினமும்தான் தூக்கறேன்."

"அதான்."

இப்படித்தான் அவளை விசாரித்தேன், அளவு தவறாக எடுத்த பயிற்சித் தொழிலாளியை விசாரிப்பதுபோல. எந்த நேரம், எவ்வளவு, நிச்சயமா, மறுபடி பார்த்தாயா. சில மாதங்களில் அவள் பதில்கள் சுருங்கின. "என்ன?" என்றால் "ஒண்ணும் இல்ல" என்பாள். புள்ளிகள் குறைந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடியில், பழைய புடவையின் மறைவில் அவள் காயப்போடும் துண்டுத் துணிகள் குறையவில்லை. பச்சை நாட்களிலும் தொங்கின. பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது தினமும் அவற்றைப் பார்த்தேன். கொடியில் தொங்குவதைத் தாளில் குறிக்கலாம் என்று தோன்றவே இல்லை என்று சொல்லமாட்டேன். தோன்றியது. குறிக்கவில்லை.

அம்பத்தூரில் ஒரு பங்குக் கோயிலில் பெரிய வகுப்பு ஏற்பாடானது. எங்கள் தாள்களைச் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும் என்று கன்னியாஸ்திரி கேட்டார். எங்கள் தாள்கள் எண்ணெய்க் கறையும் பென்சில் அழுக்குமாக இருந்தன. சமீபத்துப் பன்னிரண்டு மாதங்களை மட்டும் புதுத்தாளில் நகல் எடுத்தேன். இரண்டு விடுமுறை நாட்கள் பிடித்தது. நகலில் புள்ளிகளை வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு, மூலத்தாளும் நகலும் வேறுவேறாக இருப்பது உறுத்தியது. ரப்பரை எடுத்து மூலத்தாளிலும் அழித்தேன். என் மனைவி வாசற்படியில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி முறத்தைத் தட்டினாள்.

அம்பத்தூர்க் கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பன்னிரண்டு தாள்களும் சுவரில் வரிசையாக இருந்தன. பார்க்கவே அழகாக இருந்தது. நான் பேசி முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கிளிப்பச்சைப் புடவை. மண்ணூர்பேட்டையிலிருந்து வந்ததாகவும், கணவன் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஏதோ கம்பெனியில் இருப்பதாகவும் முன்பே சொல்லியிருந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை, என் மனைவியைக் கேட்டாள்.

"யக்கா, நடு மாசத்துல துணில பட்டுகினே கீதுன்னா இன்னாக்கா பண்றது? அத்த எந்தக் கலர்ல போடறது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் அளவுல வர்ற சின்னப் பிசகும்மா. கனமானதைத் தூக்கினா, அலைச்சல் அதிகமானா வரும். கணக்குல சேக்க வேணாம். எங்க தாளைப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு."

கன்னியாஸ்திரி முகம் சுளித்தார். "அப்படி விட்டுடக் கூடாது" என்று ஆரம்பித்தவர், சுவரைப் பார்த்துவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு அப்படி எப்பவாவது வந்திருக்காம்மா?"

"இல்ல சிஸ்டர்" என்றாள் என் மனைவி.

அதற்குள் அடுத்த தம்பதி எழுந்து வேறு கேள்வி கேட்டார்கள். கிளிப்பச்சைப் புடவைப் பெண் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவைக் கொடுத்தவன் நான்.

திரும்பும்போது மின்சார ரயிலில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "கோயில் கூடத்துல வெச்சுப் பொய் சொன்னேன்" என்றாள்.

"யாரு சொல்லச் சொன்னா?"

"செவுத்துல உங்க தாள் ஒட்டியிருக்கு. அதுக்கு எதிரா நான் எப்படி வாயத் திறக்கறது?"

நான் வெளியே பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் வெளுத்துவிட்டாள். மாடிப்படி பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். இடுப்புவலி என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வரிசைக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும், அந்த அம்மாள் கூடையைத் தூக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா நைனா, ஊட்டுக்காரம்மா மூஞ்சி இப்டி வெளுத்துகினு கீது? சங்கராமீனு வயிறு மாரி."

"கொஞ்சம் ரத்தம் கம்மி."

"கம்மியா? வாசம் வேற வர்து. மீன் விக்கிற எனுக்கே வர்துன்னா பாத்துக்கோ. எத்தினி நாளா கீது?"

எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் நிக்கிற வயசும்மா. நீ போ."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "நிக்கிற வயசுன்னா நிக்கணும், நைனா. இது ஓடிகினே கீதே. என் நாத்தனாருக்கும் இப்டித்தான். ஒயுங்கா டாக்டராண்ட இட்டுகினு போ. படிச்சவன் மாரி கீற."

அவள் சொன்னதற்காகப் போகவில்லை. சொன்னது பொய் என்று காட்டத்தான் போனேன். கொரட்டூரில் ஒரு பெண் டாக்டர் நர்சிங் ஹோம் வைத்திருந்தார். அம்பத்தூரிலிருந்து திரும்பி வந்த நகல் தாள்களையும், பின்னால் வந்த மாதங்களை அதேபோல் எடுத்த நகல்களையும் கோப்பில் போட்டு எடுத்துப்போனேன்.

டாக்டர் என் மனைவியைக் கேட்டார். "கடைசியா எப்போ ஆச்சு?"

அவள் என் பக்கம் கை காட்டினாள். "அவரைக் கேளுங்க. அவருதான் எழுதறாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். நான் கோப்பை விரித்துவைத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "பரவாயில்லையே, இவ்வளவு நீட்டா நான் யார்கிட்டயும் பாத்ததில்ல" என்றார். எனக்குள் ஏதோ பூரித்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்: பூரித்தது. "நடுவுல எதுவும் படறதில்லையே? சேர்ந்த பிறகு?" என்று அவர் கேட்டபோது பார்வை தாளின் மேல்தான் இருந்தது. என் மனைவி மடியில் கையை வைத்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் பேச நான் காத்திருந்தேன். நான் பேச அவள் காத்திருந்தாள். தாள் எங்கள் இருவருக்காகவும் பேசிவிட்டது.

"மாசம் ஒழுங்கா இருக்கு. அப்போ சாப்பாட்டுலதான் குறை. உள்ள பாக்க வேண்டியதில்ல" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்போ திருப்திதானே?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை திரும்பி உள்ளே போயிருப்பேன்.

எட்டு மாதம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கியபோது புடவை முழுக்க நனைந்திருந்தது, தண்ணீரால் அல்ல. நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இளம் டாக்டர் ஒருவர் உள்ளே பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். கையைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார். "எப்போதிலிருந்து படுது?"

இந்த முறை தாள் இல்லை. "ரெண்டு வருஷமா" என்றேன்.

அவர் குழாயை மூடினார். "ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். சுற்றிலும் பரவியிருந்தது. கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது, கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார். அந்த முதல் புள்ளியோடு வந்திருந்தால் பேச்சே வேறு என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன், ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

கரண்ட் வைத்து ஆறாவது வாரம் ரத்தம் நின்றது. கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "நின்னுடுச்சு. பச்சை போட்டுக்கோங்க."

அதுதான் அவள் என்னைக் குத்திச் சொன்ன ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தாள்.

அந்த வருடத்தில்தான் எங்கள் மகள் வயதுக்கு வந்தாள். என் மனைவி கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், மகளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. வெளியே நின்றேன். "நீயே எழுது. யாருகிட்டயும் குடுக்காதே. நீ பாத்ததை இல்லைன்னு எவன் சொன்னாலும் நம்பாதே" என்று அவள் சொல்வது கேட்டது. என்ன நோட்டைக் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. அவள் முதலில் எழுதிய மூன்று மாதப் பள்ளி நோட்டுதான், மீதித் தாள்கள் வெறுமையாக. பத்து வருடம் அதை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, கன்னியாஸ்திரி வகுப்பு எடுக்க வந்திருந்த நாளில் அம்பத்தூர்க் கூடத்துக்குப் போனேன். கன்னியாஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு நான் தாளை நம்பினேன், அவ கண்ணைப் பாக்கல" என்றார். என் பங்கைத் தன் மேல் ஏற்றிக்கொள்ள முயன்றார், நான் விடவில்லை. நான் போனது வேறு காரியத்துக்கு. அந்தக் கிளிப்பச்சைப் புடவைப் பெண் யார் என்று கேட்டேன். வகுப்புக்கு வந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நான்கு ஞாயிறுகள் மண்ணூர்பேட்டைப் பக்கம் போனேன், தெருத் தெருவாக. என்னவென்று சொல்லி விசாரிப்பது? ஒரு பெண்ணின் துணியில் ரத்தம் பட்டதா என்று எந்த வீட்டு வாசலில் நின்று கேட்பது? எஸ்டேட் ஷிப்ட் விடும் நேரத்தில் ரோட்டோரம் நின்று, கணவனோடு சைக்கிளில் போகும் பெண்களின் முகங்களைப் பார்த்தேன். ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "இன்னா பெர்சு, யாரப் பாக்கற?" என்று மிரட்டியதும் திரும்பிவிட்டேன்.

என் மனைவிக்கு நான் செய்தது முடிந்துபோனது. அதற்கு இனி எதுவும் செய்ய முடியாது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் எனக்குத் தெரியாது. யாரோ அவளை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாம். அல்லது நான் சொன்னதை நம்பி, குடத்தைக் கொஞ்சம் மெதுவாகத் தூக்கிக்கொண்டு, அவளும் காத்திருந்திருக்கலாம்.

அம்மா, அன்று அம்பத்தூரில் உனக்கு நான் சொன்னது தவறு. அது அளவில் வந்த பிசகு இல்லை. அதைச் சிவப்பில் போட வேண்டும்.